சொட்டு கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம்

டிரிப்ஸ் பாட்டில் தேர்ந்தெடுக்கும் வேலை, கேட்பதற்கு ஜூஸ் கடையில் ஆர்டர் எடுப்பது மாதிரி இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டராக இருக்கிறேன். சொந்தக்காரர் கட்டிலருகே உட்கார்ந்து சொட்டு விழுவதையே முறைத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் என் கூட்டாளிகள், அதனால் உங்களிடம் புலம்பலாம்.

குடுத்தவருக்கு ரெண்டு

வள்ளியூர் காதர் பாய்க்குக் கல்லீரல் மாற்று ஆபரேஷன். பாதிக் கல்லீரலைக் கொடுத்தது தம்பி நசீர், இதற்காகவே துபாயிலிருந்து லீவு போட்டு வந்தவர். இருவருக்கும் அடுத்தடுத்த அறை. நசீர் ஆரோக்கியமான ஆள், தாராளமாகவே ஏற்றினோம். பாய்க்கு மட்டும் மெஷின் வைத்து அளந்து அளந்து விட்டேன். அதிகமானால் புதுக் கல்லீரலும் வீங்கும், நுரையீரலிலும் நீர் கோக்கும்.

பாயின் மனைவி ஆயிஷா இரண்டு அறையையும் எட்டிப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். நம்ம ஊரில் காய்ச்சல் என்றாலே குளுக்கோஸ் ஏற்றினால்தான் வைத்தியம். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

"குடுத்த கொழுந்தனுக்கு ரெண்டு பாட்டில் தொங்குது, வாங்குன மனுசனுக்கு இந்தச் சொட்டுதானா டாக்டரம்மா?"

இரண்டு பெரியவர்கள்

மறுநாள் பாய்க்குச் சிறுநீர் குறைந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வெறும் உப்புத் தண்ணீர் நிறையப் போனால் அமிலம் ஏறி ரத்தம் புளிக்கும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. வழக்கமான ஆர்.எல்., அதாவது ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் இருக்கும் லாக்டேட்டைக் கல்லீரல்தான் கரைக்க வேண்டும். இதுவோ இன்னும் சரியாகக் கண் விழிக்காத கல்லீரல். யோசித்து யோசித்து மூன்றாவதாக ஒன்றைத் தொங்கவிட்டேன், லாக்டேட் இல்லாதது, கொஞ்சம் பொட்டாசியம் சேர்ந்தது.

ஆபரேஷன் செய்த டாக்டர், ஒரு சொட்டுகூடக் கூட்டாதே என்றார். கல்லீரல் வீங்கினால் தம்பி கொடுத்ததே வீண் என்பது அவர் கவலை. சிறுநீரக டாக்டர், இப்படியே காயப்போட்டால் டயாலிசிஸ்தான் என்றார். நடுவில் நான் முழித்துக்கொண்டு நின்றேன். சிறுநீரக டாக்டருக்கே என்னைப் பார்த்துப் பாவமாகிவிட்டது.

"நாங்க ரெண்டு பேரு சொல்லுததையும் கேட்டா உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். ஆளைப் பாத்து முடிவு பண்ணுங்கம்மா."

நாங்குநேரி இளநீர்

அடுத்த நாள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது. இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும். பாவி, நான் தேர்ந்தெடுத்த பாட்டில்தான் எமனா என்று பயந்துபோனேன். அதைக் கழற்றி வீசாத குறையாக எடுத்துவிட்டு, இதயத்தைக் காக்கவும் பொட்டாசியத்தை இறக்கவும் ஊசி மருந்துகளைப் போட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பாட்டிலில் இருந்தது சொற்பம். அதற்கு இவ்வளவு ஏறவே ஏறாது.

அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்க் கண்ணில் பட்டது. திறந்தேன், இளநீர். வள்ளியூரிலிருந்து வரும்போதெல்லாம் நாங்குநேரியில் வண்டியை நிறுத்தி வெட்டச் சொல்லியிருக்கிறார் ஆயிஷா. நீர் பிரியவில்லை என்றால் இளநீர் கொடுப்பதுதானே நம் வழக்கம். அதில் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நானும் சொல்லவில்லை. திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"கொஞ்சமாத் தண்ணி குடிக்கலாம்னு நீங்கதான சொன்னிய? இளநியும் தண்ணிதான டாக்டரம்மா?"

காலைத் தூக்கியபோது

பொட்டாசியம் இறங்கியது, சிறுநீர் மட்டும் வரவில்லை. டயாலிசிஸ் மெஷினைத் தயாராக வைத்துவிட்டார்கள். டிரிப்ஸைக் கூட்டலாமா கூடாதா என்று உடம்பிடமே கேட்க ஒரு வழி உண்டு. காலை உயரத் தூக்கினால் காலில் உள்ள ரத்தம் நெஞ்சுக்கு இறங்கும். அதனால் ரத்த அழுத்தம் நிமிர்ந்தால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். நர்ஸும் நானும் தூக்கினோம். நிமிர்ந்தது. ரத்தக் குழாயிலேயே தண்ணீரைப் பிடித்துவைக்கும் அல்புமின் என்ற புரத மருந்தைப் பைய ஏற்றச் சொன்னேன், கல்லீரல் வீங்கிவிடுமோ என்று மானிட்டரை விட்டு நகரவில்லை. பக்கத்து அறையிலிருந்து நசீர், தான் கொடுத்த கல்லீரல் தாங்குமா என்று கேட்டனுப்பினார். இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லியனுப்பினேன்.

மத்தியானத் தொழுகை முடித்து ஆயிஷா வந்தபோது, சிறுநீர்ப் பையில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சும் சீராக இருந்தது, கல்லீரலும் வீங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மாஸ்க் இருந்ததால் மானம் தப்பியது. ஆயிஷா வராந்தாவுக்கு ஓடி, துபாயில் இருக்கும் நசீரின் வீட்டாருக்குப் போன் போட்டார். வீட்டுக்காரரை அவர் மச்சான் என்றுதான் சொல்வார், அது ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

"மச்சான் ஒண்ணுக்குப் போயிட்டாவ, அல்ஹம்துலில்லாஹ், எல்லாருகிட்டயும் சொல்லிருங்க!"

ஒரு மனுஷன் ஒண்ணுக்குப் போனதை வெளிநாடு வரைக்கும் கொண்டாடும் தொழிலில்தான் இருக்கிறேன், ஆனாலும் அடுத்த பாட்டிலைத் தொங்கவிடும் முன் லேபிளை இரண்டு தடவை படித்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறேன்.