நாற்பத்தொன்றாம் புள்ளி

எங்கள் மருத்துவமனையின் நான்காம் மாடியில், நாங்கள் கணக்கண்ணன் என்று கூப்பிடுபவர் தனியாக உட்கார்ந்திருப்பார். புற்றுநோய் எந்த வேகத்தில் பரவும் என்று கணக்குப் போட்டுக் கணினியில் கோடு வரைவது அவர் வேலை. நோயாளிகள் அவருக்கு வெறும் எண்கள்தான், திரையில் ஆளுக்கொரு புள்ளி, ஒரு முகமும் தெரியாது. வீட்டிலும் ஆள் கிடையாது.

நாற்பத்தொன்றாம் நோயாளி மட்டும் அந்தக் கோட்டுக்குப் பிடிகொடுக்கவில்லை. கட்டி வளராமல் நின்றது.

"அந்தப் புள்ளிய எடுத்துட்டா கோடு அழகா வரும்," என்றார் தலைமை டாக்டர். அண்ணன் அசையவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் ஸ்கேன் அறைக்கு இறங்கி வருவார்.

"நம்ம நாற்பத்தொண்ணு வந்தாச்சாம்மா?"

வேலைவெட்டி இல்லாத மனுஷன் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

போன வாரம்தான் என் தப்பு தெரிந்தது. டாக்டர்களுக்குச் சரியான படங்கள் போயிருந்தன. அண்ணனுக்கு அனுப்பும் பட்டியலில் மட்டும் அந்த நாற்பத்தொன்றுக்கு முதல் ஸ்கேனின் அளவையே ஒவ்வொரு தடவையும் ஏற்றியிருக்கிறேன். மேலே போய்ச் சொன்னேன். திருத்தியதும் புள்ளி கோட்டின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

"உங்க கணக்கு தப்பவே இல்லண்ணா," என்றேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு ஆள்தாம்மா என் பேச்ச கேக்காம இருந்தாங்க."