கந்தப்பன் தரப்பு

“உக்காருங்க சாமி. இப்ப நீங்கதான் ஆபீசரு” என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, கந்தப்பன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விடுகிறார். தொண்டையைச் செருமுகிறார். “ஐயாவுக்கு வணக்கமுங்க. லாரி என்னுதில்லீங்க.” அதோடு நிறுத்தி, நம் முகத்தைப் பார்க்கிறார். நாம் உர்ரென்று உட்கார்ந்திருக்க வேண்டும். சிரித்துத் தொலைத்தோமோ, மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்.

நான் போனது எங்கள் பால் வண்டியின் கதவுக் கொண்டியைப் பற்றவைக்க. அதிகாரியாக அரை நாள் உட்கார்ந்ததுதான் மிச்சம், கொண்டி இன்றுவரை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் அவருக்கு லாரி பாடி கட்டுகிற பட்டறை. யாரோ வாங்கிய, சக்கரமும் எஞ்சினும் மட்டும் உள்ள வெறும் சேசிஸ் வந்து நிற்கும். அதன்மேல் பலகையும் தகடும் ஏற்றி, பெயின்ட் அடித்து, முகப்பில் கோரைப்பல் வைத்த திருஷ்டி முகம் ஒன்றும் எழுதி அனுப்புவார். அந்த முகத்தை மட்டும் வேறு யாரையும் எழுத விடமாட்டார். ஆறடி ஆள், வெல்டிங் வெளிச்சத்தில் சிவந்த கண், காதில் சொருகிய பென்சில். கோபம் வந்தால் கத்தமாட்டார். கையில் கிடைத்த தகட்டைச் சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டுவார்.

அந்த நாட்களில் பட்டறையில் தட்டுகிற சத்தம் அதிகம். காரணம் வரி அலுவலகத்தின் ஓர் உத்தரவு. வண்டி அடுத்தவனுடையது, இவர் செய்தது கூலி வேலை. ஆனால் உத்தரவை எழுதிய புண்ணியவான், கந்தப்பன் லாரிகளையே விற்றதாகக் கணக்குப் போட்டு வரியும் அபராதமும் விதித்துவிட்டார். “நானு லாரி வித்தேனாமுங்க! சொந்தமா ஒரு மொபெட்டுகூடக் கெடையாது. டவுன் பஸ்ஸுல போயிட்டு வாரவன் லாரி விப்பனுங்களா?” என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்பார். மேல்முறையீட்டில் தோற்றால் பட்டறை போய்விடும். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

உத்தரவு போடுமுன் அவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லையா என்றால், கேட்டார்களாம்! இணையதளத்தில் ‘நோட்டீஸ்’ என்று ஒரு பெட்டி உண்டு. சேலத்தில் இருக்கும் அவருடைய ஆடிட்டர் பிரபாகர் நாள் தவறாமல் அதைத் திறந்து பார்த்திருக்கிறார். நோட்டீசோ பக்கத்தில் ‘கூடுதல் நோட்டீஸ்’ என்றிருந்த இன்னொரு பெட்டிக்குள் சுகமாகப் படுத்திருந்தது. ‘வாய்ப்பளித்தும் ஆஜராகவில்லை’ என்று எழுதிக் கதையை முடித்துவிட்டார்கள்.

கந்தப்பனுக்கு அந்த வரிதான் ஆறவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் சொந்தச் சித்தப்பா மகன் கல்யாணமே ஆனாலும், வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காவிட்டால் வாசல்படி மிதிக்கமாட்டார்கள். “கூப்புடாத ஊட்டுக்கு எப்படீங்க போறது?” என்பதுதான் அவருடைய சட்ட நுணுக்கம். அதைத்தான் மேல்முறையீட்டு விசாரணைக்காக ஒத்திகை பார்த்தார். விசாரணையோ தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு முறை அதிகாரிக்குத் தேர்தல் வேலை, ஒரு முறை பயிற்சி முகாம், ஒரு முறை அதிகாரியே மாற்றல். “சோறாக்க விடமாட்டேங்கறாருங்க. அடுப்படிக்கு வந்து நின்னுக்கிட்டு ஐயாவுக்கு வணக்கமுங்கறாரு. நானா ஐயா?” என்று அவர் மனைவி சௌந்திரம் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

நடுவே, வரி செலுத்துவோர் உரிமைகளைச் சீர்திருத்த ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ‘உங்கள் குரலே எங்கள் வழிகாட்டி’ என்று மண்டபம் முழுக்கப் பேனர். மதியச் சாப்பாடு வரை அதிகாரிகளின் குரலே வழிகாட்டியது. மக்கள் தங்கள் குரலை எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். கந்தப்பன் பென்சிலை எடுத்து எழுதினார்: நோட்டீசை ஆள் கையில் கொடுக்கணும். உத்தரவு போட்டவரும் அப்பீல் கேட்கிறவரும் ஒரே மேசையில் டிபன் பாக்ஸ் பிரிக்கக் கூடாது. கேட்க ஆரம்பித்த ஆபீசரை முடிக்கும் வரை மாற்றக் கூடாது. எனக்கென்னவோ எந்தக் கமிட்டி போட்டாலும் இதைவிட உருப்படியாக எழுதாது என்று தோன்றுகிறது. ‘தங்கள் கருத்துக்கான பதில் இணையதளத்தில் ஏற்றப்பட்டுள்ளது’ என்று குறுஞ்செய்தி வந்தது. எந்தப் பெட்டிக்குள் என்று பிரபாகர் இன்னும் தேடுகிறார்.

அதன் பிறகுதான் கந்தப்பன் அந்தக் காரியத்தைச் செய்தார். “அவுங்க மொறை தெரியாம நடந்துக்கிட்டாங்க. நாமளாச்சும் மொறையாக் கூப்புடோணுமில்லீங்க?” என்று, ஆயுத பூஜைக்கு அப்பீல் கேட்கிற அதிகாரியைப் பட்டறைக்கு அழைக்கச் சேலம் கிளம்பிவிட்டார். வந்து ஒரு பார்வை பார்த்தால், லாரி யாருடையது என்று தெரிந்துவிடுமாம். வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். தட்டை மேசைமேல் வைத்ததும் புது அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்திருக்கிறார்.

“யோவ், கேமரா இருக்கு! எடுய்யா மொதல்ல!”

“வாழப்பழந்தானுங்க ஐயா. வெத்தல பாக்கு வெக்காமக் கூப்புட்டா மரியாதையில்லீங்களே.”

லஞ்சம் கொடுக்க வந்தார் என்று எழுதாமல் விட்டதே பெரிய தயவு என்றார் பிரபாகர். ஆனால் இனிமேல் இவருடைய விசாரணை வீடியோவில்தான் என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த நாளும் வந்தது. துணைக்கு நானும் போனேன். பிரபாகர் அலுவலகத்தில் ஒரே கணினி. அன்று விசாரணை இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதன்முன் உட்காரவைத்தார். கந்தப்பன் புதுச் சட்டை, தலைக்குத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். திரையில் அதிகாரியின் முகம் தெரிந்தது.

“எழுத்து மூலமா கொடுத்தாச்சு இல்ல? அதுக்கு மேல ஏதாவது சொல்லணுமா?”

கந்தப்பன் சட்டென்று எழுந்து நின்றார். “ஐயாவுக்கு வணக்கமுங்க.”

எழுந்ததும் அவர் தலை திரைக்கு மேலே போய்விட்டது. அதிகாரிக்குத் தெரிந்தது சட்டைப் பைதான். “முகம் தெரியலை. உக்காந்து பேசுங்க.”

உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை. “லாரி...” என்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இத்தனை நாள் எத்தனை பேரை உட்காரவைத்துப் பொழிந்த மனிதர்!

“சரி, ரெக்கார்டுல இருக்கறதைப் பாத்துக்கறேன். அடுத்தது யாரு, கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடறேன்” என்றார் அதிகாரி. திரை இருண்டது. சற்று நேரத்தில் விசாரணைக் குறிப்பு வந்து விழுந்தது. பிரபாகர் தலையை நிமிர்த்தாமல் வாசித்தார்: “மேல்முறையீட்டாளர் தரப்பு விரிவாகக் கேட்கப்பட்டது.”

தட்டுவதற்குத் தகடு எதுவும் அங்கே இல்லை. கந்தப்பன் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்துப் போக வேண்டியவர் அம்மாபேட்டையில் துண்டு வியாபாரம் செய்கிற ஜானகியம்மாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும், “உள்ள பேச விடறாங்களாண்ணா?” என்று கேட்டார்.

கந்தப்பன் செல்போனை எடுத்து அணைத்தார். பட்டறைச் சத்தத்தில் அவருக்கு வலது காது மந்தம். எழுந்து சுற்றிப் போய், ஜானகியம்மாளுக்கு மறுபக்கம் உட்கார்ந்து, கேட்கிற காதை அவர் பக்கம் சாய்த்தார்.

“சொல்லு சாமி. மொதல்ல இருந்து சொல்லு.”