வேல்ஸ் அரசனுக்குப் போன கண்ணாடி முடி

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வசனம் கோணலாக இருக்கும், பலதும் மறந்தும்போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை.

குருக்கள்மடத்தில் எங்கள் வீடு. அம்மாவின் உதவிக்கு ஆள் வேண்டும் என்று என் படிப்பை நிறுத்தினார்கள். என்னைவிட இரண்டு வயது இளைய தங்கச்சி பஸ்ஸில் கல்லடிக்குப் போய்ப் படித்தாள். அவளுடைய வெள்ளைச் சட்டையைத் தோய்த்து நீலம் போடுவது என் வேலை. கொடியில் அது ஆடுவதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

ஐம்பதுகளில் ஒரு வருடம் பள்ளிக்கூட விழாவுக்குப் பழைய இங்கிலாந்துச் சரித்திரத்தைத் தமிழில் நாடகமாகப் போட்டார்கள். ஒரு பக்கம் சாக்சன் அரசன், மலைப்பக்கம் வேல்ஸ் அரசன். இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. ஆடுமாடு கொள்ளை, ஊர் எரிப்பு. கடைசியில் சாக்சன் அரசன் கடல் தொடங்கிக் கடல் வரை மண் அணை கட்டி, வேல்ஸ்காரர் பக்கமாகப் பள்ளமும் வெட்டினானாம். தங்கச்சிதான் சாக்சன் அரசன். வேல்ஸ் அரசன் அவளோடு படித்த ஒரு பிள்ளை.

வீட்டில் பாடமாக்க அவளுக்கு எதிராளி வேண்டும். மீன் வெட்டிக்கொண்டிருந்த நான்தான் வேல்ஸ் அரசன். கேட்டுக் கேட்டே இரண்டு நாளில் இருவர் வசனமும் எனக்குப் பாடம். அவள் தடுமாறும் இடங்களில் நான் எடுத்துக்கொடுப்பேன்.

"இப்ப நீ முழங்கால்ல விழோணும் அக்கா."

"ஏன் விழோணும்?"

"நீ தோத்துப்போறாய். டீச்சர் அப்படித்தான் எழுதியிருக்கிறா."

"என்ட நாட்டுப் பக்கம் பள்ளம் வெட்டினது நீ. நான் ஏன் புள்ள விழுற?"

"அம்மா, இஞ்ச பாருங்க. அக்கா விழமாட்டாவாம்."

"விழுந்துட்டு மீன அலசு மகள், உலை கொதிக்குது" என்றார் அம்மா.

விழுந்தேன். விழா வரை பத்து நாளும் விழுந்தேன்.

அப்பா கூத்துக்காரர்களுக்கு உடுப்பும் முடியும் செய்பவர். கிரீடத்தை முடி என்றுதான் சொல்லுவோம். நாடகத்துக்கு இரண்டு முடி கொடுத்தார். ஒன்று கண்ணாடிச் சில்லுப் பதித்தது, மற்றது மினுக்குத்தாள் ஒட்டியது. எங்கள் ஊர்க் கூத்தில் வெல்லுகிற அரசனுக்கே கண்ணாடி முடி. பாட்டுக் கேட்காத தூரத்தில் இருப்பவர்களும் முடியைப் பார்த்துத் தங்கள் அரசனைத் தெரிந்துகொள்வார்கள்.

"கண்ணாடி முடி சின்னவளுக்கு. பெட்டியில வெச்சுப் பேர் எழுதி விடு மகள்" என்றார்.

என் ஐந்தாம் வகுப்பு எழுத்துக்கு அன்றைக்கு வேலை வந்தது. கண்ணாடி முடி இருந்த பெட்டியில் 'வேல்ஸ் அரசன்' என்று எழுதினேன். மற்றதில் 'சாக்சன் அரசன்' என்று எழுதினேன்.

விழாவுக்கு ஊரே வந்திருந்தது. கண்ணாடி முடியோடு வேல்ஸ் அரசன் மேடைக்கு வந்ததும் எங்கள் பெண்கள் குரவை போட்டார்கள். தங்கச்சி பள்ளம் வெட்டக் கட்டளையிட்டாள். எனக்குப் பின்னால் இருந்த மாமி, "ஆர்ர காணிக்குள்ள வெட்டுறாய், எடு மண்வெட்டிய" என்றார். கூட்டம் சிரித்தது. வேல்ஸ் அரசன் முழங்காலில் விழுந்தபோது, "கண்ணாடி முடி வெச்சவன் விழுறானே, கதை பிழைச்சுப்போச்சு" என்று முணுமுணுத்தார்கள்.

தங்கச்சிக்குக் கடைசி வசனம் வரவில்லை. மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். முன்வரிசையில்தான் இருந்தேன். வசனம் என் வாய்க்குள் இருந்தது. கொடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நான்தான் மாத்திச் சொல்லிட்டன் போல" என்றார் அப்பா. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் டீச்சராகி ஓய்வும் பெற்றுவிட்டாள். இன்றைக்கும் அதை அப்பாவின் பிழையென்றே சொல்லிச் சிரிக்கிறாள். அப்படிச் சிரிக்க அவளால் முடிகிறதே என்று அதற்கும் எனக்குப் பொறாமை.

அந்த அணை கடல் தொடங்கிக் கடல் வரைதானா? வேல்ஸ் அரசன் உண்மையிலேயே முழங்காலில் விழுந்தானா, அல்லது அது டீச்சர் சேர்த்ததா? தங்கச்சிக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் கேட்க மனமில்லை. சரித்திரம் படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.