காசிம் நானாவின் முறைத் தண்ணீர்

தேவதாசன் அண்ணை இன்று விடியக்காலை போய்விட்டார். செட்டிகுளத்திலிருந்து அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் வொய்ஸ் போட்டிருந்தார்... தொண்ணூற்றொரு வயது.

காலையிலிருந்து இந்தக் குழுவில் நீங்கள் பலர் அவருடைய படத்தைப் போட்டு "நல்ல விசுவாசி" என்று எழுதுகிறீர்கள். உண்மைதான். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. எழுதவும் முடியாது, அது தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் சபை அப்போது கிடுகுக் கூரை போட்ட சின்னக் கட்டடம். சனிக்கிழமை பின்னேரங்களில் உபதேசியார் வளர்ந்தவர்களுக்கு ஒரு வேத வகுப்பு நடத்துவார். ஏழு பேர் போவோம், எல்லோரும் வயல்காரர்.

இந்தக் கிழமை வாசித்ததை வைத்து என்ன செய்தாய் என்று அடுத்த கிழமை சொல்லவேண்டும். அதுதான் வகுப்பு. கோபத்தை அடக்கினேன், காலையில் எழும்பி ஜெபித்தேன் என்று ஏதாவது சொல்லித் தப்பிவிடுவோம்.

அந்த வருடம் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, குளத்தில் தண்ணீர் குறைவு. வயலுக்கு வயல் முறை வைத்துத்தான் வாய்க்காலில் விட்டார்கள். அண்ணையின் வயலுக்கும் என் வயலுக்கும் நடுவில் காசிம் நானாவின் வயல்.

அவருடைய மனைவிக்குக் கடும் காய்ச்சல். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, தன் முறை வரும் நாளில் மடையைத் திறந்துவிடச் சொல்லி எங்கள் இரண்டு பேரிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் திறக்கவில்லை. பட்டப்பகலில் அந்தத் தண்ணீர் முழுவதையும் எங்கள் வயல்களுக்குத் திருப்பினோம்.

யோசனை என்னுடையது. மண்வெட்டி பிடித்தது அண்ணை.

காசிம் நானா வந்து கேட்டபோது, அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் வரவேயில்லை என்றோம். நம்பினார். கதிர் வருகிற நேரம்... பயிர் தாங்கவில்லை. வெட்டியபோது பாதிக்கு மேல் சப்பி. உள்ளே அரிசி இல்லை, வெறும் உமி.

சில மாதங்கள் போனபின் வகுப்பில் ஒரு பகுதி வந்தது. காணிக்கையோடு வருகிறவன், தன்னால் நொந்துபோன ஒருவன் இருக்கிறான் என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும் என்ற பகுதி.

அடுத்த சனிக்கிழமை உபதேசியார் கேட்டபோது அண்ணை, இன்னும் செய்யவில்லை, செய்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றார். வகுப்பு முடிந்ததும் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தார்.

"நாளைக்குக் காசிமிட்டைப் போறன். நீயும் வா."

எனக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் சபை மூப்பர். ஆண்டவரிடம் சொன்னால் போதாதா, ஊருக்குத் தெரிந்தால் சபைக்கல்லவா கெட்ட பெயர் என்றெல்லாம் சொன்னேன்.

அண்ணை சைக்கிளை நிறுத்தினார். "சரி. உன்ரை பேரை நான் எடுக்கமாட்டன். ஏலுமான நேரம் நீயே போய்ச் சொல்லு."

மறுநாள் போய்விட்டார். தனியே.

அதற்கடுத்த நாள் காசிம் நானா என் வளவுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தேவதாசன் வந்து சொன்னவர். தனியவோ செய்தனீங்கள் எண்டு கேட்டன். நான் செய்ததை மட்டும்தான் நான் சொல்லலாம் எண்டிட்டார்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, அண்டைக்கு நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

கனகராயன்குளத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன், தண்ணீர் வரவில்லை என்று அண்ணை சொன்னதைத்தான் நானும் சொன்னேன் என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நம்பினாரா இல்லையா... இன்றுவரை தெரியாது.

அடுத்த சிறுபோகத்தில் அண்ணை தன் முறையில் இரண்டைக் காசிம் நானாவுக்கு விட்டுக்கொடுத்தார். அண்ணையின் பயிர் வாடிப்போய் நின்றது. என்னுடையது பச்சை.

முன்பு சொன்னபடியே வகுப்பில் எழும்பி நின்று, என் பெயரை எடுக்காமல், தான் செய்ததை எல்லாம் சொன்னார். மூப்பர்களுக்குக் கோபம். சபையின் பெயரைக் கெடுத்துவிட்டார் என்று ஒரு வருடத்துக்கு ஆராதனையில் வேதம் வாசிக்க விடவில்லை.

அந்த இடத்தை எனக்குத் தந்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு நான் வாசித்தபோது அவர் கடைசி வரிசையில் இருந்தார். முடிந்து வெளியே வந்ததும் கிட்ட வந்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஆறுதலா வாசி. அவசரப்படுறாய்," என்றார். அவ்வளவுதான்.

பிறகு அந்த வேத வகுப்பையே நான் நடத்தினேன், கிட்டத்தட்ட இருபது வருடம். போன கிழமை வாசித்ததை வைத்து என்ன செய்தீர்கள் என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்... என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணையும் ஒரே ஒரு தடவைதான் அந்தக் கதையை எடுத்தார். இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகு, பஸ் ஸ்டாண்டில் வைத்து.

"காசிமுக்குக் கண் தெரியுதில்லையாம். ஆள் உயிரோடை இருக்கேக்கை போ."

வாற கிழமை போறன் என்றேன். போகவில்லை. அடுத்த மாரிக்குக் காசிம் நானா இல்லை.

நாளை பின்னேரம் அடக்கம். இப்போது சபையில் வயதில் மூத்தவன் நான்தானாம், நான்கு வார்த்தை பேசச் சொல்லி அண்ணையின் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளே, உங்கள் அப்பா அதைத் தனியே செய்யவில்லை. நாளைக்கு உங்கள் எல்லோருக்கும் முன்னால் என் வாய் திரும்பவும் பொய் சொல்லிவிடும் என்ற பயத்தில்தான் இன்றைக்கே இங்கே எழுதிவிட்டேன்.

போயிட்டு வாங்கோ அண்ணை...