மூழ்கடிக்கப்பட்டவர் எழுதிய கடிதம்

மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாம்புச்செவியாரிடம் தண்ணீர் மோட்டாரைக் கொண்டுபோனால், எடுத்த எடுப்பில் அதைப் பிரிக்கமாட்டார். முதலில் ஓடவிடுவார். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை மோட்டாரின் முதுகில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் கடையில் யாரும் இருமக்கூடக் கூடாது. அரை நிமிஷம் கழித்து, "பின்பக்கத்து பேரிங் போச்சு. முன்பக்கத்தது இன்னும் ஆறு மாசம் தாங்கும். காயில் எரிஞ்சுபோச்சுன்னு எவன் சொன்னானோ, அவன்கிட்ட இனிமே போகாதீங்க" என்பார். பிரித்துப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும்.

அது கடற்படையில் பழகிய காது. இருபத்து மூன்று வயதில், ஒரு சின்னப் போர்க்கப்பலின் அடித்தட்டில், அலமாரி அளவே இருந்த அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். சோனார் ஆள். கருவி தண்ணீருக்குள் ஓர் ஓசையை அனுப்பும். அது எதிலாவது பட்டுத் திரும்பி வந்தால், எந்தத் திசை, எவ்வளவு தூரம், பாறையா, மீன்கூட்டமா, இரும்பா என்று கேட்டுச் சொல்லவேண்டும். சொல்வது பிசகினால் கப்பலில் உள்ள நூற்றிருபது பேர் பிழைப்பும் கந்தல்.

போர் நடந்தது மொத்தம் பத்தொன்பது நாள். பதினோராவது நாள், எதிரியின் நீர்மூழ்கி ஒன்று அந்தப் பக்கம் சுற்றுவதாகத் தகவல் வந்தது. அதன் கேப்டன் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டு சரக்குக் கப்பல்களில் ஓட்டை போட்டுவிட்டு, வால் நுனியைக்கூடக் காட்டாமல் நழுவியவன். கப்பலில் அவனுக்கு 'விலாங்கு' என்று பெயரே வைத்திருந்தார்கள்.

காலை ஒன்பதே காலுக்கு ஓசை திரும்பி வந்தது. கெட்டியான ஓசை. "இரும்பு! இரும்பு!" என்று மேல்தட்டுக்குக் கத்தினார். பின்தட்டில் அவருடைய நண்பர் பீப்பாய் தயாராக நின்றிருந்தார். ஆழ்குண்டு பார்ப்பதற்கு எண்ணெய் பீப்பாய் மாதிரியே இருக்கும். கப்பலின் பின்னாலிருந்து உருட்டிவிட்டால் குறித்த ஆழத்துக்குப் போய் வெடிக்கும். அதை உருட்டுகிறவர் என்பதாலும், உடம்பும் அதே வாகில் அமைந்துவிட்டதாலும் அவருக்கு அந்தப் பெயர். ஆறு குண்டுகள் போயின. கடல் ஆறு தடவை எழும்பி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே வந்து பளபளவென்று விரிந்தது. கூடவே ஒரு பலகை. கப்பலே கூத்தாடியது. அவர்கள் கப்பலின் கேப்டன் சோனார் அறைக்கே இறங்கி வந்து பாம்புச்செவியாரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

அந்தக் குலுக்கலுக்கு நடுவில்தான் ஹெட்போனில் அது கேட்டது. 'டங்'. ஒரே ஒரு தடவை. ஏதோ உடைகிற சத்தம் இல்லை. யாரோ எதையோ கைதவறிப் போட்ட சத்தம். வாயைத் திறந்தார். கேப்டனின் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பதிவேட்டில் 'அதன்பிறகு ஒலி ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

போர் முடிந்தது. கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள், கடற்படையிலிருந்து ஓய்வு, பிறகு இந்தக் கடை. ஊரில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அவர் நீர்மூழ்கியை மூழ்கடித்தவர். ஆனால் வருஷா வருஷம் அந்தத் தேதி வந்தால், காலை ஒன்பதே காலுக்குக் கடையில் ஓடும் மோட்டார் அத்தனையையும் நிறுத்திவிட்டு, ஸ்டூலில் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். விலாங்கையும் அவனோடு கீழே போனவர்களையும் நினைத்துக்கொள்வார். அந்த 'டங்'கையும் சேர்த்துத்தான்; அதைப் போட்டவன் பிழைத்தானா என்று தெரியாமலே.

"நம்ம கல்யாண நாள் எதுன்னு கேட்டா முழிப்பாரு. எதிரி செத்த நாள் மட்டும் நிமிஷக் கணக்கா ஞாபகம் இருக்கும்" என்று வீட்டம்மா இடிப்பார்.

"உன்னை உங்கப்பா காட்டினாரு. அவனை நானே தேடிக் கண்டுபிடிச்சேன்ல" என்பார் இவர்.

இந்த வருஷம், ஓய்வுபெற்ற மாலுமிகள் சங்கத்தில் அவர், பீப்பாய் இருவர் படத்தையும் போட்டுப் பலகை மாட்டுவது என்று முடிவானது. சங்கத்தின் செயலாளரே பீப்பாய்தான். நீல வண்ணத்தில் பொன் எழுத்து: 'எதிரி நீர்மூழ்கியை மூழ்கடித்த நம் வீரர்கள்'. ஞாயிற்றுக்கிழமை விழா. மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. கப்பல் எண், தேதி, நேரம், இடம், கடை விலாசம் எல்லாம் போட்டு இணையத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டார்.

வியாழக்கிழமை வெளிநாட்டுத் தபால்தலையோடு கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. மாப்பிள்ளை கடையில் நின்றபடியே படித்துச் சொன்னார்.

"'ஐயா, நீங்கள் என்னை மூழ்கடித்த விவரத்தை இணையத்தில் படித்தேன். இப்போது எனக்கு எழுபத்தாறு வயது. மூட்டுவலி தவிர வேறு தொந்தரவு இல்லை...'" மாப்பிள்ளைக்குக் குரல் இறங்கிவிட்டது. "மாமா, இது..."

"படிங்க மாப்பிள்ளை."

"'அன்று உங்களுக்குக் கேட்ட இரும்பு, எந்தக் காலத்திலோ மூழ்கிக் கிடந்த ஒரு சரக்குக் கப்பல். அதன் மறைவில் நாங்கள் ஒண்டிக்கொண்டிருந்தோம். எண்ணெயும் அதனுடையதுதான். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கவேண்டும். குண்டுச் சத்தம் அடங்கியதும் எங்கள் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அதற்காக இரண்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவ்வளவு தேடி வந்த காதுக்கு அது கேட்காமலா இருந்திருக்கும் என்று நாற்பத்தோரு வருஷமாக யோசிக்கிறேன். கேட்டதா?' கீழே போன் நம்பர் இருக்கு மாமா."

"உள்ள எத்தனை பேர் இருந்தாங்களாம்?"

"அம்பத்து மூணு பேராம். எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேர்ந்துட்டாங்களாம்."

பாம்புச்செவியார் சிரிக்க ஆரம்பித்தார். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த வீட்டம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் எரிச்சல். "உங்களுக்குச் சரியாக் குண்டு போடத் தெரியலன்னு ஒருத்தன் கடல் தாண்டி லெட்டர் போடறான், அதுக்குச் சிரிப்பு வேறயா?"

"அம்பத்து மூணு பேருடி" என்றார். சிரிப்பு நிற்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கடிதத்தோடு பீப்பாய் வீட்டுக்குப் போனார். பீப்பாய் ஒரு தடவை படித்தார், மறுபடி படித்தார், மடித்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தக் கிழவனுக்கு இன்னும் நாலு நாள் பொறுக்க முடியலையா? பலகை எழுதிக் காஞ்சுக்கிட்டு இருக்குடா."

"எனக்கு அந்தக் கரண்டிச் சத்தம் அன்னைக்கே கேட்டுச்சு."

பீப்பாய் மடித்த கடிதத்தை மறுபடி கையில் எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எங்கிட்டக்கூட சொல்லலையேடா?"

"இரக்கப்பட்டு விட்டேன்னு பெரிய மனுஷன் மாதிரி சொல்லமாட்டேன். கேப்டன் கையைக் குலுக்கிட்டு இருந்தாரு. தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை அதைச் சொல்லிடப் போறேன்."

"உனக்குக் கடை இருக்கு, காது இருக்கு. எனக்கு என்னடா இருக்கு? உருட்டினேன். அது ஒண்ணுதான். எம் மருமக ஆபீஸ் பூராவும் சொல்லி வெச்சிருக்கா." பீப்பாய் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ மைக்ல வாயைத் திறந்தேன்னா நம்ம சகவாசம் அத்தோட சரி. சொல்லிட்டேன்."

ஐம்பது வருஷத்து நட்புக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். பாம்புச்செவியார் இரண்டு நாளும் மோட்டாரை ஓடவிட்டுக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்; எந்த பேரிங் போனது என்று ஒன்றும் புரியவில்லை. வந்தவர்களை எல்லாம் திங்கட்கிழமை வரச் சொன்னார். சொல்லாமல் விட்டால் பலகை நிற்கும், நண்பனும் நிற்பான். ஆனால் பிழைத்துப்போன ஐம்பத்து மூன்று பேரைப் பொன் எழுத்தில் எழுதி மறுபடியும் சாகடிக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், தேநீர், மேடையில் துணி மூடிய பலகை, அதன் பக்கத்திலேயே பிரஷ்ஷும் பெயிண்ட் டப்பாவுமாகப் பலகை எழுதியவர். பாம்புச்செவியார் மைக்கைப் பிடித்தார். பூசி மெழுகாமல், இரும்பிலிருந்து கரண்டி வரை எல்லாவற்றையும் சொன்னார். முதல் வரிசையில் பீப்பாய் விருட்டென்று எழுந்தார்.

"உட்காருடா. அந்த ஆள் கேட்ட கேள்விக்கு எல்லாருக்கும் முன்னாடியே பதில் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை போனில் நம்பரைப் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். அந்தப் பக்கத்துக் கிழவரும் இந்தப் பக்கத்துக் கிழவரும் தங்களுக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் பேச, மாப்பிள்ளை சபைக்குத் தமிழில் சொன்னார்.

"நான்தான் அந்த சோனார் ஆள்."

"கேட்டதா?" வணக்கமில்லை, நலமா இல்லை, அதுதான் முதல் கேள்வி.

"கேட்டது. கரண்டியா அது? நான் ஸ்பேனர்னு நினைச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருஞ்சிரிப்பு. "எங்கள் சமையல்காரர் இப்போது உயிரோடு இருந்தால் அவரை மறுபடியும் திட்டியிருப்பேன்!"

கூடமே சிரித்தது. வாசல் வரை போய்விட்ட பீப்பாய் மட்டும் சிரிக்கவில்லை. அங்கிருந்தே கத்தினார்: "அந்த ஆளைக் கேளு! நான் உருட்டினதுல ஒண்ணுகூடவா கிட்ட வரல?"

மாப்பிள்ளை கேட்டார்.

"கிட்டவா? நான்காவது குண்டைப் போட்டவன் யார்? அவனைத்தான் நான் இவ்வளவு நாளாகச் சபித்துக்கொண்டிருக்கிறேன். விளக்கு அத்தனையும் போனது. கப்பலில் இருந்த இரண்டு கழிவறையும் சுக்குநூறு. துறைமுகம் போய்ச்சேர ஒன்பது நாள். ஐம்பத்து மூன்று பேர். மூன்றே வாளி."

நாற்காலிகள் சரிந்துவிழும் அளவுக்குச் சிரிப்பு. பீப்பாயின் மருமகள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பீப்பாய் அந்த உடம்போடு வாசலிலிருந்து மேடைக்கு எப்படித்தான் வந்தாரோ, மாப்பிள்ளை கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நாலாவதா? நல்லாக் கேளுங்க, நாலாவதா? அது உருட்டிவிடற தண்டவாளத்துல மாட்டிக்கிச்சுங்க சார்! காலால உதைச்சுத் தள்ளினேன்!"

அந்தப் பக்கத்தவருக்குத் தமிழ் புரியவில்லை. ஆனாலும் இருவரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பலகை எழுதியவர் துணியை விலக்கி, 'மூழ்கடித்த' என்ற எழுத்துகளைச் சுரண்டத் தொடங்கினார்.

"அண்ணே, இதை எடுத்துட்டா இந்த இடத்துல என்னன்னு எழுதறது?"

பீப்பாய் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையைக் காட்டினார்.

"இருப்பா. அவரையே கேட்டுச் சொல்றேன்."