மாரிஸ் மைனரும் என் எண்ணெய் வைத்தியமும்

காலை ஐந்தேகால் மணிக்குத் தாம்பரத்தை விட்டுக் கிளம்பினோம். அறுபதாம் வருடத்து மாரிஸ் மைனரில் நானும் என் மனைவி சரளாவும் மட்டும். திருவண்ணாமலை நூற்றறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவளுடைய சித்தி மகன் அடி அண்ணாமலையில் வீடு கட்டியிருந்தான், மறுநாள் கிரகப்பிரவேசம். பஸ்ஸில் போகலாம் என்றவளை நான்தான் காரில் ஏற்றினேன். ஏறும்முன் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"வழியில ஒரு தடவை நின்னாலும் வித்துடணும். சரியா?"

சரி என்றேன். 2002இல் அந்தக் காரைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை என்பது என் எண்ணம். ஈயம் கலந்த பெட்ரோல் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. பழைய இன்ஜினில் வால்வு வந்து உட்காரும் இடம் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். அதற்குப் பதிலாக நான் ஸ்கூட்டருக்கு ஊற்றும் டூ-டி ஆயிலை லிட்டருக்குப் பத்து மில்லி வீதம் கலந்து வந்தேன். இந்த வைத்தியத்தை எங்கள் தெருவில் பழைய கார் வைத்திருந்த இரண்டு பேருக்கும் கேட்காமலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஏழரைக்குத் திண்டிவனம். பங்க்கில் புதிதாக வந்திருந்த விலை கூடின பெட்ரோலைப் பார்த்தேன். கிழவனுக்கு நல்ல சாப்பாடு போட வேண்டாமா? பத்து லிட்டர் அதையே போடச் சொல்லி, டிக்கியிலிருந்த டப்பாவை எடுத்து ஆயிலையும் ஊற்றினேன். பங்க் பையன் ஸ்கூட்டரைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தான். சரளா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அந்த வாடை அவளுக்குத் தலைவலி.

செஞ்சியில் கோட்டை மலைகள் தெரியும் இடத்தில் டீ, இரண்டு ரூபாய். அதைத் தாண்டி ஒரு சிறிய மேட்டில் இன்ஜினுக்குள் 'டக் டக்' என்று தட்டல் கேட்டது. வால்வு காய்கிறது என்று உடனே முடிவு கட்டினேன். ஓரமாக நிறுத்தி இன்னொரு மூடி ஆயில் ஊற்றினேன். இது நின்றதில் சேருமா என்று கேட்டாள். நானாக நிறுத்தியது சேராது என்றேன். தட்டல் கூடியது. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய வேன் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. நான் இன்னொரு மூடி ஊற்றினேன். பின்கண்ணாடியில் சாலையே தெரியவில்லை, அவ்வளவு புகை.

பத்தரைக்குத் திருவண்ணாமலை. மலை முன்னால் வந்துவிட்டது, இனி என்ன என்ற தெம்பில் அடி அண்ணாமலைக்குப் போகச் செங்கம் ரோட்டில் திரும்பினேன். ரமண ஆசிரமத்தைத் தாண்டியதும் கார் இரண்டு முறை குலுங்கி, நின்றேவிட்டது. இனி சொன்னபடி விற்றாக வேண்டும். இருபது வருடம் வைத்திருந்த கார்.

எதிரிலேயே ஒரு ஷெட். நசீர் என்ற மெக்கானிக் வந்து ஒரு பிளக்கைக் கழற்றினார். கரி அப்பி, எண்ணெயில் நனைந்திருந்தது. பெட்ரோலில் என்ன கலக்கிறேன் என்று கேட்டார். பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஆயில் ரொம்ப ஜாஸ்தி சார். அது சேரச்சேர பெட்ரோலோட சத்து கம்மியாவும், தட்டத்தான் செய்யும். நீங்க அதுக்கு மேல இன்னும் ஊத்தியிருக்கீங்க. இந்த இன்ஜினுக்கு விலை ஜாஸ்தி பெட்ரோலும் வேணாம், சாதா போதும்."

வால்வு தேய்ந்துவிடுமே என்று விடாமல் கேட்டேன். அதற்கு இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, வால்வு உட்காரும் இடத்தில் கெட்டியான வளையம் அடித்துவிட்டால் தீர்ந்தது, ஆயுசுக்கும் கவலையில்லை என்றார். அப்போதுதான் சரளா காரிலிருந்து இறங்கினாள்.

"அந்த வளையந்தான் போட்டாச்சே" என்றாள் அவரிடம். "ரெண்டு வருஷம் முன்ன இவர் டில்லி போயிருந்தப்ப ஒர்க்‌ஷாப்புல இன்ஜினைப் பிரிச்சாங்க. இனிமே வர்ற பெட்ரோலுக்கு இது வேணும்னு சொன்னாங்க, நான் போடச் சொன்னேன்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"வந்த அன்னைக்கே சொன்னேன். இன்ஜின் சமாச்சாரம் உனக்கென்ன தெரியும்னுட்டு பேப்பரை எடுத்துக்கிட்டீங்க."

எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன், அது என் வாசகம்தான். நசீர் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிப் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக, தேவையே இல்லாத காருக்கு எண்ணெய் ஊற்றி அவளைப் புகையில் உட்கார வைத்திருக்கிறேன்.

நசீர் டேங்கைக் காலி செய்து நான்கு பிளக்கையும் சுத்தம் பண்ணிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆனது. சாதா பெட்ரோல் ஐந்து லிட்டர் ஊற்றினோம். கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டாம் நாள் காலை கிளம்பினோம். செஞ்சி மேட்டில் ஒரு தட்டல் இல்லை, பின்கண்ணாடியில் சாலை முழுசாகத் தெரிந்தது. தாம்பரம் நெருங்க நெருங்க எனக்குத்தான் மனசு கனத்தது. கொடுத்த வாக்கு வாக்குதானே. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

சரளா கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் வளையம் போட்டு வச்சிருக்கிற வண்டிய விக்க நீங்க யாரு?" என்றாள்.