செவ்வந்தி சீருக்கு நின்ற கதை

செவ்வந்திக்கு மனச்சிதைவு நோய் வந்து பல வருடமாகிறது. மாத்திரையைத் தவறாமல் போடுகிறாள். காங்கேயத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் கொப்பரை தரம் பிரிக்கிறாள். வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். இருந்தும் எங்கள் சனத்துக்கு அவள் இன்னும் "அந்தப் புள்ள"தான். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சர்க்கரை வியாதிக்காரரை யாராவது இப்படி ஒதுக்குகிறார்களா?

இந்தத் தையில் அவள் தம்பி கார்வேந்தனுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் பக்கத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைப்புடவை வைத்த மூங்கில் கூடையைச் சுமந்து வந்து, அவன் பக்கத்தில் நின்று புடவையின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். மறுமுனை அவன் கையில் இருக்கும். தம்பிக்குத் தான்தான் நிற்க வேண்டும் என்பது செவ்வந்தியின் பெரிய ஆசை. பெற்றவர்கள் இல்லாத வீடு; பெரியப்பா பாலுசாமி சொல்வதுதான் சட்டம்.

"சபையில ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா மானம் போயிரும் கண்ணு. என்ற புள்ள பிரத்யுஷா நிக்கட்டும்" என்றார். கார்வேந்தன், "அக்காதானுங்க நிக்கோணும்" என்று பிடிவாதம் பிடித்தான். சரி, டாக்டர் சொல்லட்டும் என்று பெரியப்பா அவளைக் கூட்டிப்போனார்.

டாக்டர் சசிதர் நல்லவர்தான். ஆனால் நோயாளியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கூட வந்தவரிடம் பேசுகிற பழக்கம் அவருக்கும் உண்டு. "கூட்டம், மேளம் எல்லாம் இவங்களுக்கு ஒத்துக்காதுங்க. வீட்லயே இருக்கட்டும்" என்றார் பெரியப்பாவிடம்.

"ஏனுங்க சார், களத்துல மிஷின் சத்தத்துல நாள் பூரா நிக்கறேன். அது மட்டும் ஒத்துக்குதுங்களா?" என்றாள் செவ்வந்தி. "நோவு எனக்குங்க. பெரியப்பாவக் கேட்டா அவுரு மூட்டு வலியத்தான் சொல்லுவாரு."

டாக்டர் சிரித்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். தூக்கம் எப்படி, குரல் ஏதாவது கேட்கிறதா என்று அவளிடமே விசாரித்தார்.

"எப்பவாச்சும் கேக்குமுங்க. வேலை கெடக்குது, அப்புறம் வான்னு சொல்லிப்போடுவேன்."

"முதல்லயே உங்களைத்தான் கேட்டிருக்கணும். தாராளமா நில்லுங்க. மாத்திரையை மட்டும் விட்டுறாதீங்க" என்றார் டாக்டர்.

பெரியப்பா லேசில் விடுவாரா? கல்யாணத்தன்று பிரத்யுஷாவுக்கும் பட்டு உடுத்தி, லாரிக்கு ஸ்டெப்னி மாதிரி மேடையோரம் நிறுத்தியிருந்தார். சீர் நடத்தும் அருமைக்காரர், "பொறந்தவளக் கூப்புடுங்க" என்றதும் மண்டபமே கழுத்தை நீட்டியது. பந்திக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்கள்.

செவ்வந்தி கூடையோடு நிமிர்ந்து வந்து தம்பி பக்கத்தில் நின்றாள். புடவை முனையைப் பிடித்தபோது மறுமுனை வெடவெடத்தது. நடுங்கியது மாப்பிள்ளையின் கை.

அவள் அவன் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்: "பயப்படாத கண்ணு. உன்னைய ஆரு பாக்கறா? அத்தன பேரும் என்னையத்தான் பாத்துட்டு இருக்காங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். பெரியப்பாவுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.